நாயின் வயிறும் பூனையின் வயிறும்

(ரெட்டியார்சத்திரத்தில் கூடிய விழா அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் ஒரு நாய் வருகிறது. ஆக்கி வைத்த சோற்றைத் தீண்டியது என்பதே அது செய்த குற்றம். அதற்காக அடியுண்டு குற்றுயிராய்க் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். அந்த உயிர் நாயுடல் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்கு உற்ற துணையாய் நின்றது. தமிழ்ச் சமண இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இது. கேட்பவர் மனத்தில் மந்திரத்தின் பெருமையே நிற்கும், அது முறையே. ஆயினும் கதையின் தொடக்கத்தில் இருப்பது ஒரு பசித்த வயிறு. அந்த வயிறு எதைச் செரிக்கும், எதைச் செரிக்காது, செரித்ததை உடல் எவ்வாறு பயன்கொள்ளும் என்பதே இவ்வுரையின் பொருள்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல் ஆகிய நான்கிற்குப் பின் ஐந்தாவதாக வருவது அன்னபான நிரோதம். அதாவது உணவையும் நீரையும் தடுத்தல். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் தன் 11-ஆம் பிரிவில், வளர்க்கும் உயிருக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராமையைக் குற்றமாக வைத்திருக்கிறது. தட்டு வெறுமையாக இருந்தால் அது தடுத்தல் என்பது எவருக்கும் விளங்கும். தட்டு நிறைந்திருந்து, அதில் உள்ளதை அவ்வுடல் பயன்கொள்ள இயலாமற்போனால் அதற்குப் பெயர் என்ன? புலால் உண்ணாத இல்லங்களில் நாயும் பூனையும் வளர்க்கப் புகுந்துள்ள இக்காலத்தில் இக்கேள்வியை ஒதுக்க முடியாது.

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் பெருவழியில், கோபிநாத சுவாமி மலையை அடுத்து அமைந்தது ரெட்டியார்சத்திரம். பழனிக்கு அப்பால் உள்ள ஐவர்மலையில், சக ஆண்டு 792-இல், அதாவது கி.பி. 870-இல், வரகுண பாண்டியன் காலத்தில் பார்சுவ படாரரின் திருமேனி புதுப்பிக்கப்பெற்ற செய்தி கல்வெட்டாக உள்ளது. அம்மலையைத் தரிசிக்கச் செல்லும் சமணர்கள் இவ்வழியே செல்வதுண்டு. சாலையின் இருமருங்கும் காய்கறித் தோட்டங்கள். இந்திய–இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையமும் இவ்வூரிலேயே இருக்கிறது. இங்குள்ள தோட்டத்து வீடு எதனை எடுத்துக்கொண்டாலும் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். மோட்டார் அறையின் நிழலிலோ வைக்கோற்போரின் மேலோ ஒரு பூனை இருக்கும். நாய்க்குக் காலையில் பழைய சோறும் மோரும், மாலையில் மிஞ்சியது. பூனைக்குக் கறவை நேரத்தில் ஒரு கிண்ணம் பால். இரண்டும் நன்றாகவே வாழ்கின்றன. இதைப் பார்த்துப் பழகியவர் பிழைப்புக்காகத் திண்டுக்கல்லிலோ சென்னையிலோ அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்று, அங்கும் ஒரு நாயையும் பூனையையும் வளர்த்து, அதே சோற்றையும் அதே பாலையும் தருகிறார். நாய் ஓரளவு தாங்குகிறது. பூனை தாங்குவதில்லை. தோட்டத்தில் நலமாயிருந்த உணவு மாடியில் ஏன் நோயாகிறது என்று கேட்டால் பலரும் திகைக்கின்றனர்.

விடை எளியது. தோட்டத்துப் பூனை பாலினால் வாழவில்லை, எலியினால் வாழ்ந்தது. கிண்ணத்துப் பால் அதற்குச் சிற்றுண்டி. வரப்பிலும் வைக்கோற்போரிலும் இரவெல்லாம் அது தேடியுண்டதே அதன் உணவு. வீட்டார் கண்ணில் பட்டது பால் மட்டும். மூன்றாம் மாடியில், சாளரத்திற்கு வலை அடித்த வீட்டில், அதே பூனைக்கு உண்மையாகவே பாலும் சோறும் மட்டுமே கிடைக்கின்றன. நாயின் நிலையும் இதற்கு முற்றிலும் வேறன்று. தெருவில் திரியும் நாய் பத்து வாசல்களில் பத்து விதமாக உண்ணும். சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஒரு தட்டில் விழுவதே உலகம். உயிரைக் கட்டி வைத்தவர் அதன் உணவு முழுவதற்கும் பொறுப்பேற்கிறார். அதிசாரங்களில் கட்டுதல் முதலிலும் உணவு தடுத்தல் இறுதியிலும் வைக்கப்பட்டிருந்தாலும், வளர்ப்பு நாயின் வாழ்வில் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இனி உடலமைப்பைப் பார்க்கலாம். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள்; அவற்றுள் கடைவாயில் சில, தானியத்தை ஓரளவு நசுக்கத்தக்க தட்டையான பரப்பு உடையவை. பூனைக்கு 30 பற்களே. அவற்றுள் அரைக்கும் பல் இல்லை. கத்தரிக்கோல் போல வெட்டும் பற்களே உண்டு. தாடை மேலும் கீழும் அசையுமேயன்றிப் பசுவைப் போலப் பக்கவாட்டில் அரைக்காது. செம்மறி ஆட்டின் குடல் அதன் உடல் நீளத்தைப் போல் 25 மடங்குக்கும் மேல் நீண்டது. நாய்க்கு ஏறத்தாழ 6 மடங்கு. பூனைக்கு 4 மடங்கு. மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேசு என்னும் நொதி மனிதனுக்கு உமிழ்நீரிலேயே சுரக்கிறது. ஆதலால்தான் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறது. நாய், பூனை இரண்டின் உமிழ்நீரும் இவ்வேலைக்கு உதவுவதில்லை. அவை விழுங்குகின்றன, சோற்றைச் செரிக்கும் வேலை கணையத்திற்கும் சிறுகுடலுக்கும் போய்ச் சேர்கிறது.

அந்தக் கணையத்தில்தான் நாய் பூனையினின்று பிரிகிறது. 2013-இல் சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். கணையத்தில் அமைலேசைச் சுரக்கச் செய்யும் மரபணு ஓநாய்க்கு 2 படிகளே இருக்க, நாய்க்கு 4 முதல் 30 படிகள் வரை இருந்தன. உடைந்த மாச்சத்தை மேலும் சிறிதாக்கும் மரபணுவும், சர்க்கரையைக் குடற்சுவரின் வழியே உறிஞ்சும் மரபணுவும்கூட நாயிடம் மாறியிருந்தன. மனிதன் உழவு தொடங்கித் தானியம் உண்ணலானபோது, அவன் எச்சிற் சோற்றை உண்ண வல்ல நாய்களே அவனருகில் தழைத்தன என்பது இதன் பொருள். கம்பங்கூழும் சோளச்சோறும் உண்டு கிடையைக் காத்த நாய்கள் இந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்குப் புதியன அல்ல. அவர்கள் கண்ட அனுபவத்திற்கான காரணத்தை அறிவியல் பின்னர் வந்து கூறியது, அவ்வளவே.

ஆகவே நாய் புலால் உண்ணும் குலத்தில் பிறந்து, மனிதனோடு சேர்ந்து சோற்றிற்கு இசைந்த உயிர். நன்கு திட்டமிட்ட புலால் நீங்கிய உணவில் அது நலமாக வாழ முடியும். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பந்தயத்தில் சறுக்கு வண்டி இழுக்கும் சைபீரிய ஹஸ்கி நாய்களுக்கு 16 வாரங்கள் புலாலற்ற உணவு தரப்பட்டது. பந்தய வாரங்களும் அதில் அடங்கும். அவற்றின் இரத்தக் குறிகள் இயல்பாகவே இருந்தன. ஆனால் அங்கே தரப்பட்டது அளந்து கலந்த உணவு. ‘நன்கு திட்டமிட்ட’ என்ற அடைமொழியை விட்டுவிட்டு ‘நாய்க்குச் சைவம் போதும்’ என்று மட்டும் எடுத்துச் செல்வோர் பலர். இடர் வருவது அங்கிருந்துதான்.

வெறும் சோறும் மோரும் நாய்க்குப் போதாது. வளர்ந்த நாயின் உணவில், நீரை நீக்கிய எடையில் குறைந்தது 18 விழுக்காடு புரதம் இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் கூட்டமைப்பின் வரையறை, குட்டிகளுக்கு 22.5 விழுக்காடு. அரிசியில் இருப்பதோ ஏறத்தாழ 7 விழுக்காடு. பருப்பு சேர்த்தால் நிலை மாறும். துவரையிலும் பாசிப்பயற்றிலும் 20 விழுக்காட்டிற்கு மேல் புரதம் உண்டு. புரதம் என்பது ஒரே பொருளன்று. அமினோ அமிலங்கள் பல சேர்ந்த கோவை. அரிசியில் லைசின் குறைவு, மெதியோனின் தேவலாம். பருப்பில் லைசின் மிகுதி, மெதியோனின் குறைவு. இரண்டும் கூடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. சோறும் பருப்பும் சேர்த்து உண்ணும் பழக்கத்தைத் தோற்றுவித்தவர் எவராயினும் பெரிய உணவறிஞரே. இவற்றோடு பனீரோ தயிரோ சேர்ந்தால் நாயின் தட்டில் புரதம் தரமாகவும் அமையும்.

பருப்பை மட்டும் குவிப்பதும் தகாது. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், தானியத்தை நீக்கிப் பட்டாணியும் பயறும் மிகுதியாகச் சேர்த்த நாயுணவுகளுக்கும், இதயத் தசை தளர்ந்து விரியும் நோய்க்கும் தொடர்பு உண்டா என ஆராயத் தொடங்கியது. முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை. ஆயினும் தானியத்தை இகழ்ந்து விற்கப்படும் விலையுயர்ந்த பொட்டலங்களைக் கண்டு மயங்க வேண்டா என்பதற்கு இச்செய்தி போதும்.

கால்சியம் அடுத்த கவலை. குட்டிகளுக்கு இதுவே பெரும் கவலை. சோற்றிலும் பருப்பிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் ஏறத்தாழச் சமமாகவோ, கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ அமையாவிடில், இரத்தத்தில் கால்சியத்தைத் தக்கவைக்க உடல் தன் எலும்பையே கரைத்துக்கொள்ளும். முன்னங்கால் வளைந்து, நடக்கையில் அலறி, சிறு குதிப்பிலேயே எலும்பு முறியும் குட்டிகளைப் பால்சோறு மட்டும் தந்த அன்பான வீடுகளிலிருந்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுவருகின்றனர். இளவெயிலில் விட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பது மனிதனுக்குப் பொருந்தும். நாயும் பூனையும் தோலின் வழியே அதனைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ள மாட்டா. வைட்டமின் பி12 பருப்பிலும் காயிலும் இல்லை. பாற்பொருளில் சிறிது உண்டு. ஆகவே வீட்டில் ஆக்கும் உணவோடு, எடைக்கு ஏற்ப மருத்துவர் எழுதித் தரும் கால்சியமும் வைட்டமின்களும் சேர்ந்தே தீர வேண்டும். வைட்டமின் சி பற்றிக் கவலை வேண்டா. நாய் அதைத் தன் கல்லீரலிலேயே ஆக்கிக்கொள்கிறது. பரங்கிக்காயிலும் முருங்கைக் கீரையிலும் உள்ள கரோட்டினை நாயின் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றவும் வல்லது. இந்த வல்லமை பூனைக்கு இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

அளவைப் பற்றி ஒரு சொல். வளர்ச்சி முடிந்து, 15 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிலோ கலோரி வேண்டும். கருத்தடை செய்து வீட்டிலேயே படுத்திருக்கும் நாய்க்கு இதிலும் குறைவு. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு 200 முதல் 250 வரை போதும். வீட்டில் ஐவர் இருந்து, ஐவரும் ‘பாவம், பசிக்கும்’ என்று ஆளுக்கொரு பிஸ்கட் போட்டால் கணக்கு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு எழுந்து தெரியக் கூடாது; தராசு இல்லாத வீட்டிற்கு இதுவே அளவுகோல்.

இனி விலக்க வேண்டியவை. திண்டுக்கல் வட்டாரம் சின்ன வெங்காயத்திற்குப் பேர்போனது. ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவியும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு நீங்குவதில்லை. ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, உயிர் தளர்வது உண்டபின் சில நாள் கழித்தே தெரிவதால், காரணம் இன்னதென்று வீட்டார் அறிவதும் இல்லை. பூனை இதற்கு நாயினும் எளிதில் இரையாகும். வெங்காயமும் பூண்டும் அடுக்களைக்குள் நுழையாத சமண இல்லம் இந்த ஒன்றில் தன் நாய்க்குத் தானறியாமலே காவலாய் நிற்கிறது. ஆனால் அண்டை வீட்டார் அன்போடு அனுப்பும் சாம்பார்சோற்றில் அவை உண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்கின்றன. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் கருதுகின்றனர். அதே அமிலம் புளியிலும் நிறைந்திருப்பதால் புளிக்குழம்பையும் புளியோதரையையும் நாய்க்கு வைக்காமலிருப்பதே அறிவுடைமை. மகாவீரர் நிர்வாண நாளாகிய தீபாவளியன்று, பாயசத்தில் நெய்யில் வறுத்த உலர்திராட்சை மிதக்கும். குழந்தைகள் கையிலிருந்து நாயின் வாய்க்கு அது செல்ல நொடி போதும். நெய் மிகுந்த இனிப்பு கணைய அழற்சியைத் தூண்டும். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாச் சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு நேரடி நஞ்சு. பூஞ்சை பிடித்த கடலையும் மக்காச்சோளமும் மனிதன் ஒதுக்கினால் நாய்க்குப் போகும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. அவற்றில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலைக் கெடுத்துக் கொல்லும். திண்டுக்கல் பிரியாணிக்குப் பெயர்பெற்ற ஊர் ஆதலால் தெருநாய்க்கு வெந்த எலும்பு குறைவின்றிக் கிடைக்கிறது. வெந்த எலும்பு ஊசியாய்ப் பிளந்து குடலைக் கிழிக்கும். நாய்க்கு எலும்பு இயல்பான உணவுதானே என்று சொல்பவர் அதை மசாலாவோடு வேகவைத்தது யார் என்று எண்ணுவதில்லை.

இனிப் பூனை. சொல்ல வேண்டியதில் கடினமான பகுதி இதுவே.

பூனை மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தும், அவன் சோற்றிற்கு இசையவில்லை. மனிதன் பூனையை வைத்துக்கொண்டதே தானியக் குதிரை எலியினின்று காக்க. அது தன் பழைய உணவையே உண்பது அவனுக்கும் நன்மையாயிற்று. மாற வேண்டிய தேவை அதற்கு எழவேயில்லை. அதன் நாக்கிற்கு இனிப்பே தெரியாது. இனிப்பை அறியும் மரபணு அதற்குச் செயலற்றுப் போனதை 2005-இல் பிலடெல்பியாவின் மொனெல் நிறுவனத்தார் காட்டினர். பிற உயிர்கள் புரதம் குறைந்த நாளில் அதனைச் சிதைக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சிக்கனமாய் வாழும். பூனையின் கல்லீரலுக்கு அச்சிக்கனம் தெரியாது. உணவில் புரதம் வந்தாலும் வராவிட்டாலும் அது புரதத்தைச் சிதைத்துச் சர்க்கரையாக்கிக்கொண்டேயிருக்கும். வராத நாளில் தன் தசையையே எடுத்துக்கொள்ளும். ஆதலால்தான் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 விழுக்காடு புரதம் விதிக்கப்படுகிறது. சிதைந்த புரதத்தின் கழிவாகிய அம்மோனியாவை யூரியாவாக்க ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் வேண்டும். அது அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவால், சில மணி நேரத்திற்குள் பூனைகள் அம்மோனியா நஞ்சேறி வீழ்ந்ததை 1978-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் பதிவு செய்தனர்.

டாரின் என்னும் பொருளின் கதை பாலோடு தொடர்புடையது. சமண இல்லத்தார் செவிமடுக்க வேண்டியது. 1827-இல் ஜெர்மானிய அறிஞர் இருவர் எருதின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அதற்கு எருதின் பெயர் அமைந்தது. பித்தநீர் உருவாகவும், கண்ணின் விழித்திரையும் இதயத் தசையும் இயங்கவும் அது வேண்டும். நாய் அதனை மெதியோனின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து தானே ஆக்கிக்கொள்கிறது. பூனையால் போதிய அளவு ஆக்க இயலாது. ஆக்கியதையும் பித்தநீரோடு நாள்தோறும் இழக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் டாரின் இல்லை. 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஹேய்ஸ் என்பாரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வில், பாலின் புரதமாகிய கேசீனையே புரதமாக உண்ட பூனைகளின் விழித்திரை சிதைந்தது. டாரின் சேர்த்தபோது அச்சிதைவு தடுக்கப்பட்டது. 1987-இல் பால் பியோன் குழுவினர் டேவிஸில், இதயம் விரிந்து தளர்ந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டு, அதனை ஊட்ட, சாகும் நிலையில் இருந்த இதயங்கள் மீண்டன. அப்பூனைகள் பட்டினி கிடந்தவை அல்ல; கடையில் விற்கும் உணவை வயிறார உண்டவை. அதன்பின்பே பூனையுணவு ஆக்குவோர் டாரின் அளவை உயர்த்தினர்.

பூனை கண்ணை மூடினால் உலகம் இருளாது என்று பழமொழி கூறும். டாரின் கிடைக்காத பூனை கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். ஆயினும் அதன் உலகம் மெல்ல மெல்ல இருண்டுவிடும். சிதைந்த விழித்திரை பின் டாரின் தந்தாலும் மீள்வதில்லை. வழக்கமான வீட்டில் தடவித் தடவி நடமாடுவதால் பார்வை போனதை வீட்டார் அறிவதற்கே மாதங்கள் ஆகும்.

டாரினோடு முடியவில்லை. பூனை கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றாது. நயாசினையும் அராக்கிடோனிக் அமிலத்தையும் தேவைக்கேற்ப ஆக்கிக்கொள்ளாது. இவை யாவும் எலியின் உடலில் ஆயத்தமாய் இருந்தமையால் பூனையின் உடல் அவ்வேலைகளைக் கைவிட்டது. தாவர உணவு மிகுந்தால் சிறுநீர் காரத்தன்மை அடைந்து, அதில் நுண்கற்கள் படியும். ஆண்பூனையின் குறுகிய வழி அடைபட்டு ஓரிரு நாளில் உயிர் போகலாம். பாலும் நன்மை செய்வதாகச் சொல்ல முடியாது. குட்டிப்பருவம் கடந்த பூனைக்கும் நாய்க்கும் பாலிலுள்ள லாக்டோசைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால் பலவற்றிற்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். சித்த மருத்துவ நூல்கள் வயிற்றுப்போக்கையும் அதிசாரம் என்றே அழைக்கின்றன. விரதத்தின் அதிசாரமும் வயிற்றின் அதிசாரமும் ஒரே கிண்ணத்தில் கூடுவதை என்னென்பது! தயிரிலும் மோரிலும் லாக்டோசு குறைவு. ஆதலால் நாய்க்கு அவை ஏற்றவை.

‘இரண்டு நாள் பட்டினி போட்டால் தானே சோறு தின்னும்’ என்னும் அறிவுரை சில வீடுகளில் கேட்கப்படுகிறது. இதனினும் கொடிய அறிவுரை இல்லை. நாய்க்கு ஒரு நாள் உண்ணாமை பெரும்பாலும் தீங்கு செய்யாது. பூனை, அதிலும் கொழுத்த பூனை, சில நாள் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலில் வந்து குவிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். மருத்துவம் கிட்டாவிடில் இறக்கும். உபவாசம் அறிந்து ஏற்பவருக்கு நோன்பு. அறியாத உயிர்மேல் சுமத்துவது நோன்பாகாது.

எனின் சமண இல்லத்தில் பூனைக்கு என்ன வழி? பழைய ஆசாரியர்கள் பூனையின் இயல்பை அறிந்தே இருந்தனர். கார்த்திகேயானுப்பிரேட்சை, பூனை முதலியவற்றை வைத்துப் பேணுதலைப் பயனின்றி வரும் பாவங்களாகிய அனர்த்த தண்டங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. பூனைமேல் வெறுப்பால் எழுந்த விதியன்று அது; பூனை எதனால் வாழ்கிறது என்று உணர்ந்து எழுந்தது. அதனைச் சோற்றால் வளர்க்கலாம் என்று அவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே விலை கொடுத்துப் பூனைக்குட்டி வாங்கும் இன்றைய நகரப் பழக்கம் சமண இல்லத்திற்குப் பொருந்தாது என்பதே நேர்மையான விடை. குழந்தை கேட்கிறது என்பதற்காக வாங்கி, பின் பால்சோற்றில் குருடாக்குவது எவ்வாற்றானும் தகாது.

வாங்காமலே வந்து சேரும் பூனையும் உண்டு. மழையில் படிக்கட்டின் கீழ் கத்தும் குட்டியைத் துரத்துவது ஜீவதயை ஆகாது. அதற்கு வழிகள் சிலவே. புலால் உண்ணும் பண்பான வீடு ஒன்றைத் தேடி ஒப்படைப்பது முதலாவது. பெரும்பாலும் இதுவே இரு தரப்பிற்கும் நல்லது. தானே வைத்துக்கொள்ள நேர்ந்தால், ‘பூனைக்கு முழுமையான உணவு’ என்று குறிப்பிட்ட, டாரின் சேர்த்த உணவே வேண்டும். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் புலால் கலந்தவை. அதனை வாங்குவதா என்பது அவரவர் விரதத்தின் எல்லையைப் பொறுத்தது, பிறர் தீர்ப்புக் கூறும் இடமன்று. டாரின் இன்று வேதிமுறையில் ஆக்கப்படுவதால் புலாலின்றி ஆக்கிய பூனையுணவுகளும் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. அவற்றை நாடுவோர் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில், சிறுநீரும் இரத்தமும் கண்ணும் காலந்தோறும் சோதிக்கப்பெற்று, பிழை தெரிந்தவுடன் மாற்றிக்கொள்ளும் மனத்தோடு மட்டுமே நாட வேண்டும். நாயுணவைப் பூனைக்குத் தருதல் கூடாது. நாய்க்கு டாரின் விதியில்லாமையால் அதில் போதிய அளவு இராது. வீட்டில் ஆக்கிய சோற்றில் ஒரு மாத்திரையைப் பொடித்துத் தூவி நிறைவு கொள்வதும் கூடாது; அதன் குறைகள் ஒரு மாத்திரையில் அடங்குவன அல்ல.

ஐயம் எழும்போது கேட்பதற்கு இடமில்லாத நாடன்று இது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் அதனை உறுப்பாகக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. அரசுக் கால்நடை மருந்தகங்கள் ஊர்ப்புறங்களிலும் உள்ளன. பசு நோயுற்றால் அழைப்பவர் நாயின் தட்டைப் பற்றியும் அவரிடம் கேட்கலாம். கேட்கும்போது நாயின் எடையையும், முந்திய மூன்று நாள் தட்டில் விழுந்தது இன்னது என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சென்றால் மருத்துவர் மகிழ்வார்.

இரவுண்ணாமையைக் கடைப்பிடிக்கும் இல்லங்களில், நாய்க்கும் பொழுது சாயுமுன் உணவு வைக்கலாமா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. வளர்ந்த நாய்க்குக் காலை ஒன்று, கதிரவன் மறையுமுன் ஒன்று என இரு வேளை முற்றிலும் போதும். அதன் வயிற்றுக்கு இது ஏற்ற முறையே. மூன்று மாதத்திற்கு உட்பட்ட குட்டிக்கு நாளில் நான்கு வேளை வேண்டும். அதனையும் பகலுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். வடிகட்டிய நீரை இரவிலும் வைத்திருக்க வேண்டும். பழைய உணவிலிருந்து புதிய உணவிற்கு மாற்றுவோர் ஒரே நாளில் மாற்றலாகாது. முதல் இரு நாள் நாலில் ஒரு பங்கு புதியது, பின் பாதி, பின் முக்கால் என 7 முதல் 10 நாளில் மாற்ற வேண்டும். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய உணவிற்கு இசைய அத்தனை நாள் பிடிக்கும். அதற்குள் மலம் இளகினால் ஒரு படி பின்வாங்கி, இரு நாள் பொறுத்து மீண்டும் தொடரலாம்.